பிரவுசர்ல இமேஜை பைனரி டேட்டாவா ஃபெட்ச் பண்றது: வரிசையா, எங்க எங்க சறுக்கும்னும் சேர்த்து

சர்வர்ல இருக்கற ஒரு இமேஜை ஜாவாஸ்கிரிப்ட்ல இழுத்து பேஜ்ல காட்டணும்னு உக்கார்றவங்கள்ல முக்கால்வாசி பேர் தடுமாறுறது இமேஜ்ல இல்ல, ரெஸ்பான்ஸ்ல தான். என்ன வந்திருக்குன்னு பாக்காமலே காட்டப் போயிடறாங்க, உடைஞ்ச இமேஜ் ஐகான் வந்ததும் காட்டற கோடையே மாத்தி மாத்தி எழுதிட்டு இருப்பாங்க, ஆனா தப்பு நாலு வரி முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும். அதனால இங்க ஸ்டெப்போட வரிசை முக்கியம், மாத்திப் போடாதீங்க. ஏசிங்க், அவெய்ட், ப்ராமிஸ் இதெல்லாம் ஓரளவு தெரியும்னு வெச்சுக்கிட்டு எழுதறேன்.

1. ஃபெட்ச் நிஜமாவே வேணுமா?

சும்மா காட்டறது மட்டும் தான் வேலைன்னா இமேஜ் டேக்ல முகவரியைப் போட்டுட்டு போயிடுங்க. கேஷ், லேசி லோடிங், வர வர கொஞ்சம் கொஞ்சமா வரையறது எல்லாத்தையும் பிரவுசரே பாத்துக்கும், நாம கோடு எழுதி அதை மிஞ்சறது கஷ்டம்.

ஃபெட்ச் தேவைப்படற இடம் சிலது தான். இமேஜ் டேக்கால ஆத்தரைசேஷன் ஹெடர் அனுப்ப முடியாது, அதனால டோக்கன் கேக்கற இமேஜ்னா ஃபெட்ச் தான் வழி. போஸ்ட் ரிக்வெஸ்ட் போட்டா தான் இமேஜ் வரும்னாலும் அப்படித்தான். பைட்டுக்குள்ள எதையாவது படிக்கணும், ஏன் ஃபெயில் ஆச்சுன்னு ஸ்டேட்டஸ் கோடு தெரியணும் (இமேஜ் டேக்கோட எரர் ஈவென்ட் அதை சொல்லவே சொல்லாது), இல்ல வேற டொமைன்ல இருக்கற இமேஜுக்கு டவுன்லோட் பட்டன் வைக்கணும், இதெல்லாம் நியாயமான காரணம். கடைசில சொன்னதுக்கு விளக்கம்: ஆங்கர் டேக்ல டவுன்லோட் ஆட்ரிப்யூட் போட்டாலும் முகவரி வேற ஆரிஜின்னா (ஆரிஜின்ங்கறது ஸ்கீம், ஹோஸ்ட், போர்ட் மூணும் சேர்ந்தது) பிரவுசர் அதை கண்டுக்காது.

2. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

ஹெச்டிஎம்எல் ஃபைலை டபுள் கிளிக் பண்ணி ஓபன் பண்ணாதீங்க. அட்ரஸ் பார்ல ஃபைல்னு ஆரம்பிச்சா அந்த பேஜுக்கு ஒழுங்கான ஆரிஜினே கிடையாது, பக்கத்துலயே இருக்கற இமேஜைக் கூட ஃபெட்ச் பண்ண விடாது. ஏதாவது ஒரு லோக்கல் சர்வர் ஓட்டி லோக்கல்ஹோஸ்ட்ல ஓபன் பண்ணுங்க.

டெவ்டூல்ஸ்ல நெட்வொர்க் டேப் திறந்தே இருக்கட்டும், டெஸ்ட் பண்ற வரைக்கும் டிசேபிள் கேஷ் டிக்கும் போட்டு வைங்க. கேஷ் ஆன்ல இருந்தா நீங்க சர்வர்ல மாத்தின ஹெடர் வந்துச்சா வரலையான்னே தெரியாம குழம்புவீங்க.

அப்புறம், சர்வர் யாரோடது? உங்களோடதா, ஹெடர் மாத்த முடியுமா, இல்ல மூணாவது ஆளோடதா? இதை இப்பவே தெரிஞ்சு வைங்க, நாலாவது ஸ்டெப்ல இது தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்.

3. ரிக்வெஸ்ட் போடறது

ஃபெட்ச்சுக்கு முகவரியைக் குடுத்து அவெய்ட் பண்ணினா ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட் வரும். இங்க ஒண்ணு மனசுல நிக்கணும்: இந்த நிமிஷத்துல வந்திருக்கறது ஸ்டேட்டஸும் ஹெடரும் தான், இமேஜோட பைட்டு இன்னும் வந்துட்டே இருக்கலாம். அதுக்கு இன்னொரு அவெய்ட் தனியா வேணும். ஒரே ஒரு அவெய்ட் போட்டுட்டு உள்ள இமேஜைத் தேடறவங்க நிறைய, கன்சோல்ல ப்ராமிஸ் பென்டிங்னு வந்தா பெரும்பாலும் இந்த ரெண்டாவது அவெய்ட்டை விட்டிருப்பீங்க.

குக்கீ லாகின் இருந்தா கவனிங்க. அதே ஆரிஜின்னா குக்கீ தானா போயிடும். வேற ஆரிஜின்னா கிரெடென்ஷியல்ஸ் ஆப்ஷன்ல இன்க்ளூட்னு நீங்களே சொல்லணும், சொல்லலேன்னா சர்வருக்கு நீங்க யாருன்னே தெரியாது, 401 வரும்.

4. கேட்ச்ல போய் விழுந்தா: கார்ஸ்

அதிகமா நேரத்தை முழுங்கற இடம் இது, அதனால கொஞ்சம் நிதானமா.

ஃபெட்ச் நேரா கேட்ச்ல போய் டைப் எரர்னு விழுந்துச்சுன்னா ஒண்ணு நெட் இல்ல, இல்லேன்னா கார்ஸ் (வேற ஆரிஜினோட டேட்டாவை ஸ்கிரிப்ட் படிக்கலாமான்னு பிரவுசர் பாக்கற விதி). எதுன்னு உங்க ஸ்கிரிப்டுக்கு பிரவுசர் சொல்லாது, வேணும்னே தான் மறைக்குது, ஏன்னா அடுத்த சைட்டைப் பத்தின தகவல் அந்த வழியா கசியக்கூடாது. முழு காரணம் கன்சோல்ல சிவப்புல இருக்கும், அதைப் படிங்க. எரர் மெசேஜை மட்டும் பிரிண்ட் பண்ணிப் பாத்துட்டு உக்காந்திருந்தா ஒண்ணும் புரியாது.

"அதே இமேஜ் இமேஜ் டேக்ல வருதே, ஃபெட்ச்ல மட்டும் ஏன் வரல?" இந்தக் கேள்வி வராத நாளே இல்ல. இமேஜ் டேக் காட்டறதோட சரி, உங்க ஸ்கிரிப்டால அந்த பிக்சலை படிக்க முடியாது. ஃபெட்ச் பைட்டையே உங்க கையில குடுக்குது, அதனால அந்த சைட்டோட சம்மதம் வேணும். சம்மதம்ங்கறது அவங்க சர்வர் அனுப்பற ஆக்சஸ் கன்ட்ரோல் அலவ் ஆரிஜின்ங்கற ரெஸ்பான்ஸ் ஹெடர். அதை உங்க ஃபெட்ச்ல ரிக்வெஸ்ட் ஹெடரா போட்டுப் பாக்கறவங்க உண்டு, அது சம்மதம் கேக்கறவனே சம்மதக் கடுதாசியும் எழுதிக்கற கதை, வேலைக்கு ஆகாது.

அடுத்த பொறி நோ கார்ஸ் மோட். அதைப் போட்டதும் எரர் போயிடும், அப்பாடான்னு இருக்கும், ஆனா வர்றது உள்ள எதையுமே பாக்க முடியாத ஒரு மூடின ரெஸ்பான்ஸ். ஸ்டேட்டஸ் 0, ஓகே ஃபால்ஸ், ப்ளாப் (வந்த பைட்டை மொத்தமா வெச்சிருக்கற ஆப்ஜெக்ட்) எடுத்தா சைஸ் 0. எரர் வந்துட்டு இருந்தப்பவாவது எங்க பிரச்சனைன்னு தெரிஞ்சுது, இப்ப அதுவும் போச்சு. இமேஜை படிக்கற வேலைக்கு இந்த மோட் உதவாது, தொடாதீங்க.

ஆத்தரைசேஷன் ஹெடர் போட்டு வேற ஆரிஜினுக்கு அனுப்பினா பிரவுசர் முதல்ல ஆப்ஷன்ஸ் மெத்தட்ல ஒரு ப்ரீஃப்ளைட் ரிக்வெஸ்ட் அனுப்பி இந்த ஹெடரை அனுப்பலாமான்னு கேக்கும். அந்த ப்ரீஃப்ளைட்ல டோக்கன் இருக்காது. சர்வர்ல லாகின் செக் பண்ற கோடு முதல்ல ஓடி ஆப்ஷன்ஸுக்கும் 401 குடுத்துட்டா நிஜமான ரிக்வெஸ்ட் கிளம்பவே கிளம்பாது. அதனால சர்வர்ல கார்ஸ் கையாள்ற பகுதி லாகின் செக்குக்கு முன்னாடி வரணும். நெட்வொர்க் டேப்ல ஆப்ஷன்ஸ் வரி மட்டும் ஃபெயில் ஆகி நின்னா இதைத்தான் பாக்கணும்.

கிரெடென்ஷியல்ஸ் இன்க்ளூட் போட்டிருந்தா சர்வர் அலவ் ஆரிஜின்ல நட்சத்திரக் குறி அனுப்பறது செல்லாது. உங்க ஆரிஜினை முழுசா எழுதணும், கூடவே ஆக்சஸ் கன்ட்ரோல் அலவ் கிரெடென்ஷியல்ஸ் ட்ரூன்னும் வரணும்.

எல்லாம் சரி, ஆனா சில சமயம் வேலை செய்யுது சில சமயம் செய்யலன்னா கேஷ் மேல சந்தேகப்படுங்க. அதே முகவரியை முன்னாடி சாதா இமேஜ் டேக் லோட் பண்ணியிருக்கும், அப்ப ஆரிஜின் ஹெடர் போயிருக்காது, சில ஸ்டோரேஜ் சர்வர் ஆரிஜின் வந்தா மட்டும் தான் கார்ஸ் ஹெடர் குடுக்கும், ஹெடர் இல்லாத அந்த காப்பி கேஷ்ல உக்காந்திருக்கும், அப்புறம் ஃபெட்ச் வந்து அதையே எடுத்து கார்ஸ் எரர்னு கத்தும். சர்வர்ல வேரி ஹெடர்ல ஆரிஜின் போடறது தான் முறையான தீர்வு. அது கையில இல்லேன்னா அந்த இமேஜ் டேக்லயும் கிராஸ்ஆரிஜின் ஆட்ரிப்யூட்டை அனானிமஸ்னு போடுங்க.

சர்வர் மூணாவது ஆளோடது, அவங்க ஹெடர் தர மாட்டாங்கன்னா பிரவுசர்ல எந்த தந்திரமும் கிடையாது. உங்க சர்வர் போய் எடுத்துட்டு வந்து குடுக்கணும், அவங்க அதை அனுமதிக்கறாங்களான்னும் பாத்துக்கங்க. அப்படி ப்ராக்ஸி எழுதினா எந்த ஹோஸ்ட்லேர்ந்து எடுக்கலாம்னு லிஸ்ட் வெச்சுக்கங்க. குடுத்த முகவரியை எல்லாம் எடுத்துட்டு வர்ற ப்ராக்ஸியை திறந்து விட்டா உங்க உள் நெட்வொர்க் வரைக்கும் யார் வேணா எட்டிப் பாப்பாங்க.

5. படிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு செக்

ஃபெட்ச் வெற்றின்னு சொல்றது சர்வர் ஏதோ பதில் சொல்லிச்சுங்கறதை மட்டும் தான். 404, 500 எல்லாம் கேட்ச்ல விழாது. அதனால முதல் செக், ரெஸ்பான்ஸோட ஓகே ப்ராப்பர்ட்டி. 200லேர்ந்து 299க்குள்ள இருந்தா தான் அது ட்ரூ.

ரெண்டாவது செக்கை நிறைய பேர் விட்டுடறாங்க: கன்டென்ட் டைப் ஹெடர். செஷன் முடிஞ்சு போயிருந்தா பல சர்வர் லாகின் பேஜுக்கு திருப்பி விடும், ஃபெட்ச் அந்த ரீடைரக்டை தானா பின்தொடர்ந்து போய் 200 ஓகேன்னு ஒரு ஹெச்டிஎம்எல் பேஜைக் கொண்டு வந்து நிக்கும். ஓகே செக் பாஸ் ஆயிடும், இமேஜ் மட்டும் வராது. டைப்பையும் பாத்தா அங்கயே பிடிபடும்.

வரிசை இப்படி வரணும் (இது புரியறதுக்காக எழுதினது, அப்படியே ஓடற கோடு இல்ல):

பதில் = அவெய்ட் ஃபெட்ச்(முகவரி)
பதில்.ஓகே இல்லேன்னா: ஸ்டேட்டஸோட எரர் எறி
வகை = பதில்.ஹெடர்ஸ்.கெட்('கன்டென்ட்-டைப்')
வகை காலியா இருந்தா, இல்ல 'இமேஜ்/'னு ஆரம்பிக்கலேன்னா: எரர் எறி
படம் = அவெய்ட் பதில்.ப்ளாப்()

சில ஸ்டோரேஜ் சர்வர் எல்லா ஃபைலையும் ஆக்டெட் ஸ்ட்ரீம்னு பொதுவா அனுப்பும். அங்க இந்த செக் நல்ல இமேஜையும் தடுத்துடும், அப்ப டைப்பை நம்பாம எட்டாவது ஸ்டெப்ல இருக்கற மாதிரி பைட்டைப் பாத்து முடிவு பண்ணுங்க.

6. எந்த ரூபத்துல படிக்கறது

காட்டணும், சேவ் பண்ணணும், அப்லோட் பண்ணணும்னா ப்ளாப். உள்ள பைட்டைப் படிக்கணும்னா அரே பஃபர். இவ்ளோ தான் முடிவு. டெக்ஸ்ட் மெத்தட் பக்கம் மட்டும் போகாதீங்க.

ஏன்னு ஒரு தடவை கிட்ட போய் பாத்துடலாம். ஒரு பிஎன்ஜி ஃபைலோட முதல் பைட் 137, அடுத்து 80, 78, 71. டெக்ஸ்ட் மெத்தட் வர்றதை எல்லாம் யூடிஎஃப்-8ஆ நினைச்சு எழுத்தா மாத்தும். 137ல எந்த யூடிஎஃப்-8 எழுத்தும் ஆரம்பிக்காது, அதனால அந்த இடத்துல மாற்றுக்குறி ஒண்ணைப் போட்டுடும், கருப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி இருக்குமே அது. அந்த ஸ்ட்ரிங்கை திரும்ப பைட்டா எழுதினா 137 இருந்த இடத்துல 239, 191, 189னு மூணு பைட் நிக்கும். பழைய 137 போனது போனது தான், திரும்ப எடுக்க வழியே இல்ல. ஃபைல் முழுக்க இப்படி நடந்திருக்கும். சேவ் பண்ணின இமேஜ் ஒரிஜினலை விட பெருசா இருக்கு, திறக்கவும் மாட்டேங்குதுன்னா இதான் காரணம்.

பாடியை ஒரு தடவை தான் படிக்க முடியும். டீபக் பண்றதுக்காக நடுவுல ஒரு தடவை டெக்ஸ்ட்டா பிரிண்ட் பண்ணிட்டு அப்புறம் ப்ளாப் கேட்டா பாடி ஏற்கனவே படிச்சாச்சுன்னு எரர் அடிக்கும். ரெண்டு தடவை வேணும்னா படிக்கறதுக்கு முன்னாடியே க்ளோன் எடுத்துக்கங்க. அதை விட சுலபம், ப்ளாப்பா ஒரு தடவை எடுத்துட்டு அந்த ப்ளாப்லேர்ந்து அரே பஃபர் எத்தனை தடவை வேணா கேக்கலாம்.

7. காட்டறது, காட்டினதை விடறது

ப்ளாப்பை யூஆர்எல்லோட கிரியேட் ஆப்ஜெக்ட் யூஆர்எல்லுக்கு குடுத்தா ப்ளாப்னு ஆரம்பிக்கற ஒரு முகவரி வரும், அதை இமேஜோட சோர்ஸ்ல போட்டா வேலை முடிஞ்சுது.

முடியல, பாதி தான். அந்த முகவரி உயிரோட இருக்கற வரைக்கும் ப்ளாப் மெமரியை விட்டுப் போகாது. பேஜ் மூடற வரைக்கும் பிடிச்சுட்டு இருக்கும், ஒரே பேஜ்ல நாள் முழுக்க ஓடற ஆப்னா அது எப்ப மூடும்? அதனால இமேஜோட லோட் ஈவென்ட் வந்ததும், எரர் ஈவென்ட்லயும் கூட, ரிவோக் ஆப்ஜெக்ட் யூஆர்எல் கூப்பிட்டு அந்த முகவரியை ரிவோக் பண்ணிடுங்க. லோட் ஆகறதுக்கு முன்னாடியே அடுத்த வரில ரிவோக் போட்டா இமேஜ் வராமலே போகலாம். யூசர் ரைட் கிளிக் பண்ணி புது டேப்ல திறக்கணும்னா மட்டும் தள்ளிப் போட்டு, அந்த இமேஜை எடுக்கறப்ப ரிவோக் பண்ணுங்க.

அந்த ப்ளாப் முகவரியை லோக்கல் ஸ்டோரேஜ்ல சேவ் பண்றதையும் பாத்திருக்கேன். ரீலோட் ஆனதும் அது செத்த முகவரி. இமேஜ் நிலைச்சு இருக்கணும்னா ப்ளாப்பையே இண்டெக்ஸ்ட் டிபில (பிரவுசருக்குள்ளயே இருக்கற டேட்டாபேஸ்) போடுங்க.

பேஸ்64 டேட்டா முகவரியா மாத்தறது எப்பவாவது தான் தேவை, அதாவது ஜேசன்குள்ள வெச்சு அனுப்பணும்ங்கற மாதிரி. ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தா ஆகுது, 3 எம்பி இமேஜ் 4 எம்பி ஸ்ட்ரிங்கா வந்து நிக்கும். மாத்தணும்னா ஃபைல் ரீடரோட ரீட் அஸ் டேட்டா யூஆர்எல் போதும். பைட் மொத்தத்தையும் ஒரே ஃபங்ஷன் கால்ல ஆர்க்யுமென்டா விரிச்சு ஸ்ட்ரிங் பண்ற ஷார்ட்கட் சின்ன ஐகான்ல ஓடும், பெரிய போட்டோ வந்தா ஸ்டாக் நிரம்பி விழுந்துடும்.

கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி (பேஜ் எங்கேர்ந்து எதை எடுக்கலாம்னு சர்வர் சொல்ற விதி) இருக்கற சைட்னா ஃபெட்ச் முகவரி கனெக்ட் சோர்ஸ்லயும், ப்ளாப் ஸ்கீம் இமேஜ் சோர்ஸ்லயும் அனுமதிச்சிருக்கணும். ரெண்டும் வேற வேற வரி. பைட் ஒழுங்கா வந்து காட்டறப்ப மட்டும் தடுக்குதுன்னா ரெண்டாவதை மறந்திருப்பீங்க.

8. பைட்டுக்குள்ள எட்டிப் பாக்கறது

அரே பஃபரை நேரா இண்டெக்ஸ் போட்டு படிக்க முடியாது, அன்டிஃபைன்ட் தான் வரும். லெங்த்தும் கிடையாது, பைட்லெங்த் தான். மேல ஒரு யூஇன்ட்8அரே போட்டா அது வழியா படிக்கலாம். காப்பி எடுக்காது, அதே மெமரி மேல ஒரு பார்வை, அவ்ளோ தான்.

எக்ஸ்டென்ஷனையும் ஹெடரையும் நம்பாம ஃபைல் என்னன்னு தெரிஞ்சுக்க முதல் சில பைட்டே போதும். பிஎன்ஜினா 137, 80, 78, 71, 13, 10, 26, 10. ஜேபெக்னா 255, 216, 255. ஜிஃப்னா 71, 73, 70, 56. வெப்பினா 82, 73, 70, 70, அப்புறம் நாலு பைட் சைஸ், அதுக்கப்புறம் 87, 69, 66, 80. முதல் பைட் 60ஆ இருந்தா அது < குறி, அதாவது வந்திருக்கறது பெரும்பாலும் ஹெச்டிஎம்எல் இல்ல எஸ்விஜி. 123னா ஜேசன் எரர் மெசேஜா இருக்க வாய்ப்பு அதிகம்.

பிஎன்ஜியோட அகலம் உயரம் தெரியணும்னா டீகோட் பண்ணவே வேண்டாம். பைட்டை 0லேர்ந்து எண்ணினா அகலம் 16வது பைட்லேர்ந்து நாலு பைட், உயரம் 20லேர்ந்து நாலு பைட். டேட்டா வியூ போட்டு கெட் யூஇன்ட்32 கேட்டா வந்துடும், பிஎன்ஜி பெரிய பைட் முதல்ல வர்ற வரிசை, டேட்டா வியூவோட டிஃபால்ட்டும் அதே. ஜிஃப் இதுக்கு நேர் எதிர், 6வது பைட்லேர்ந்து ரெண்டு ரெண்டு பைட், சின்னது முதல்ல, அங்க கெட் யூஇன்ட்16க்கு கடைசி ஆர்க்யுமென்டா ட்ரூ குடுக்கலேன்னா 256 அகலம் 1ன்னு வந்து நிக்கும்.

பைட்டை மாத்தி திரும்ப ப்ளாப் செஞ்சா டைப் குடுக்க மறக்காதீங்க. பிஎன்ஜி, ஜேபெக்னா பிரவுசர் பைட்டைப் பாத்தே கண்டுபிடிச்சு காட்டிடும், எஸ்விஜிக்கு அந்த சலுகை கிடையாது, டைப் இல்லாம வரவே வராது.

9. கேன்சலும், லேட்டா வர்ற பழைய இமேஜும்

யூசர் நெக்ஸ்ட் பட்டனை வேகமா தட்டினா மூணு ரிக்வெஸ்ட் போகும், திரும்பி வர்ற வரிசைக்கு கேரண்டி இல்ல, முதல் இமேஜ் கடைசில வந்து மூணாவதோட இடத்துல உக்காந்துடும். லோக்கல்ஹோஸ்ட்ல இது தெரியவே தெரியாது. நெட்வொர்க் டேப்ல ஸ்பீடைக் குறைச்சு வெச்சு தட்டிப் பாருங்க.

ஒவ்வொரு தடவையும் புது அபார்ட் கன்ட்ரோலர் ஒண்ணு செஞ்சு அதோட சிக்னலை ஃபெட்ச்சுக்கு குடுங்க, அடுத்த ரிக்வெஸ்ட் போடறதுக்கு முன்னாடி பழையதை அபார்ட் பண்ணுங்க. ஒரே கன்ட்ரோலரை திரும்ப யூஸ் பண்ணினா அது ஏற்கனவே அபார்ட் ஆனது, புது ரிக்வெஸ்டும் உடனே விழுந்துடும். கேட்ச்ல அபார்ட் எரர்ங்கற பேரைப் பாத்து அதை மட்டும் சத்தமில்லாம விட்டுடுங்க, நாமளே நிறுத்தினதுக்கு யூசர்கிட்ட "இமேஜ் லோட் ஆகல"ன்னு காட்டறது அபத்தம்.

ஃபெட்ச்ல டைம்அவுட் ஆப்ஷன்னு தனியா இல்ல. அபார்ட் சிக்னலோட டைம்அவுட்டை சிக்னலா குடுத்தா அந்த வேலையை செய்யும், அப்ப வர்ற எரர் பேரு டைம்அவுட் எரர்.

10. எவ்ளோ வந்திருக்குன்னு காட்டணும்னா

ப்ளாப் மெத்தடுக்குப் பதிலா பாடிலேர்ந்து ரீடர் வாங்கி லூப்ல ரீட் பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு யூஇன்ட்8அரே வரும், டன் ட்ரூன்னு வந்தா முடிஞ்சுது. துண்டுகளை ஒரு அரேல சேத்து வெச்சு கடைசில ப்ளாப் கன்ஸ்ட்ரக்டருக்கு டைப்போட குடுத்தா முழு இமேஜ்.

மொத்த சைஸுக்கு கன்டென்ட் லெங்த் பாக்கணும், ஆனா அது இல்லாமலும் வரலாம். சர்வர் ஜிஜிப்ல சுருக்கி அனுப்பினா அந்த நம்பர் சுருக்கின சைஸ், உங்களுக்கு வர்ற துண்டோ விரிச்சது, அதனால தான் ப்ரோக்ரஸ் 100ஐத் தாண்டி ஓடுது. நம்பர் இல்லேன்னா சும்மா சுத்தற ஸ்பின்னர் காட்டுங்க, பொய் சதவீதம் வேண்டாம்.

11. நிறைய இமேஜ் ஒரே நேரத்துல

ப்ராமிஸ் ஆல் போட்டா ஒண்ணு ஃபெயில் ஆனாலும் மொத்தமும் கேட்ச்ல போயிடும். கேலரிக்கு ஆல் செட்டில்ட் தான் சரி, வந்ததைக் காட்டிட்டு வராததுக்கு மட்டும் ரீட்ரை பட்டன் வைங்க.

நூறு ஃபெட்ச்சை ஒரேடியா தட்டி விட்டாலும் ஹெச்டிடிபி 1.1ல பிரவுசர் ஒரு ஹோஸ்டுக்கு 6 கனெக்ஷன் தான் திறக்கும், மீதி கியூல நிக்கும், அந்த கியூல உங்க ஏபிஐ காலும் மாட்டும். நாலஞ்சா பிரிச்சு அனுப்புங்க.

ஃபைல் சைஸைப் பாத்து மெமரி கணக்குப் போடாதீங்க. 4000க்கு 3000 போட்டோ ஒண்ணு ஃபைலா 3 எம்பி இருக்கலாம், டீகோட் ஆனா பிக்சலுக்கு 4 பைட், 4 கோடியே 80 லட்சம் பைட். சின்ன தம்ப்நெயிலா தான் காட்டப்போறீங்கன்னா கிரியேட் இமேஜ் பிட்மேப்புக்கு ப்ளாப்பைக் குடுத்து சின்ன அகலம் கேளுங்க, கேன்வாஸ்ல வரைஞ்சதும் பிட்மேப்பை க்ளோஸ் பண்ணுங்க.

12. பழைய எக்ஸ்எம்எல் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் கோடு கையில கிடைச்சா

அதுலயும் பைனரி எடுக்கலாம். ஓபனுக்கு அப்புறம், சென்டுக்கு முன்னாடி ரெஸ்பான்ஸ் டைப்பை ப்ளாப் இல்ல அரேபஃபர்னு வைங்க, வந்ததை ரெஸ்பான்ஸ்லேர்ந்து எடுங்க. ரெஸ்பான்ஸ் டெக்ஸ்டைத் தொட்டா எக்ஸெப்ஷன் எறியும். ஓபன்ல மூணாவது ஆர்க்யுமென்ட் ஃபால்ஸ்னு சிங்க்ரனஸா இருந்தா சாதா பேஜ் ஸ்கிரிப்ட்ல ரெஸ்பான்ஸ் டைப் வைக்கவே விடாது, முதல்ல அதை மாத்துங்க.

ஓவர்ரைட் மைம் டைப்ல எக்ஸ் யூசர் டிஃபைன்ட்னு ஒரு கேரக்டர் செட் போட்டு, ஒவ்வொரு எழுத்தையும் 255ஓட ஆண்ட் பண்ற லூப் ஒண்ணு கண்ணுல பட்டா பயப்படாதீங்க, ரெஸ்பான்ஸ் டைப் வர்றதுக்கு முன்னாடி பைனரியை ஸ்ட்ரிங் வழியா கடத்தின தந்திரம் அது. இன்னைக்கு தேவையில்ல, அந்த லூப் மொத்தத்தையும் தூக்கிட்டு அரேபஃபர்னு ஒரு வரி போட்டா போதும். இமேஜை அப்லோட் பண்றப்ப எத்தனை சதவீதம் போச்சுன்னு காட்டற கோடா இருந்தா மட்டும் ஃபெட்ச்சுக்கு மாத்தாம விட்டுடுங்க, அப்லோட் ப்ரோக்ரஸ் ஈவென்ட் ஃபெட்ச்ல கிடையாது.